ஏலமலைக்கு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?

போடிநாயக்கனூர்ப் பக்கம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் வைத்திருப்பவர்கள் சீக்கிரமே என்ஜினைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அது நியாயம்தான். 199.6 சிசி, நான்கு வால்வு, 19 குதிரைத்திறன், 21 அங்குல முன்சக்கரம், 18 அங்குலப் பின்சக்கரம் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். மலையேறுகிற வண்டிக்கு அந்த என்ஜின் போதுமா என்ற விவாதமும் பழசாகிவிட்டது. மிச்சமிருப்பது ஒரே கேள்வி. சாதாரண எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் முன்சக்கரம் மேலும் கீழும் 190 மி.மீ. அசையும், பின்சக்கரம் 170 மி.மீ. அசையும். புரோ மாடலில் அது முன்னால் 250, பின்னால் 220. இந்தக் கூடுதல் டிராவல் ஏலத்தோட்டச் சரிவுகளில் எதற்குப் பயன்படுகிறது? இரண்டையும் இந்தச் சரிவுகளில் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்ததில் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மலையில் ஓட்டும் பெரும்பாலானவர்களுக்கு புரோவின் நீளம் தேவையில்லை, ஆனால் அதன் சஸ்பென்ஷனைச் சரிசெய்யும் திருகுகள் தேவை. ஹீரோ இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதுதான் என் மனத்தாங்கல்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சஸ்பென்ஷன் என்பது நிலத்துக்கும் வேகத்துக்கும் சொல்லும் பதில். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளோடு சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தைக் கடக்கிறது. அது தார்ச்சாலை, அங்கே எந்த பைக்கும் ஏறும். கேள்வி எழுவது அந்தச் சாலையை விட்டு இறங்கிய பிறகு. மேற்கே கேரளப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை வட்டாரத்துத் தோட்டங்களுக்குள் நிழல்மரங்களின் கீழே ஓடும் ஜீப் ரோடுகள் இலைமக்கு மூடிய ஈரமண். கிழக்கே போடிப் பக்கம் மழை மறைவுச் சரிவு; உதிர்ந்த சரளை, பாறை முகடு, மழைநீர் அறுத்த பள்ளம். எவ்வளவு செங்குத்து என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கீழே இறக்க வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் சாலை போடவில்லை. கம்பிவடத்தில் தொங்கவிட்டு இறக்கினார்கள். இப்படிப்பட்ட சரிவில் பைக் ஓடும் வேகம் பெரும்பாலும் முதல் கியர், இரண்டாம் கியர்தான். மணிக்கு 10 முதல் 25 கிலோமீட்டர். சில இடங்களில் நடையைவிடக் குறைவு.

இந்த வேகத்தில் 250 மி.மீ. டிராவல் என்ன வேலை செய்யும்? நீண்ட டிராவல் பிறந்த இடம் பாலைவனமும் மோட்டோகிராஸ் தளமும். டக்கார் ராலியில் ஓடும் பைக்குகளுக்கு ஏறத்தாழ 300 மி.மீ. டிராவல் உண்டு. ஹீரோ அணியும் 2017 முதல் அங்கே ஓடுகிறது. 2024-இல் அதன் வீரர் ராஸ் பிராஞ்ச் இரண்டாம் இடம் பிடித்தார். அங்கே மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும்போது மணல்மேட்டிலிருந்து வண்டி அந்தரத்தில் பாய்ந்து தரையில் விழும். விழும் வேகத்தை மெல்ல மெல்ல உள்வாங்க நீண்ட தூரம் தேவை. தூரம் போதாவிட்டால் ஸ்பிரிங் அடிவரை அமுங்கி, இரும்பும் இரும்பும் முட்டி, அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்கு வரும். வேகம் இரு மடங்கானால் உள்வாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் நம் மலைக்கான விடை கிடைக்கிறது: வேகம் நான்கில் ஒரு பங்கானால் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகிறது. ஏலத்தோட்டப் பாதையில் பைக் பாய்வதில்லை, ஏறி இறங்குகிறது.

எண்ணிக்கையாகவே பார்க்கலாம். ஓட்டுபவர் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தன் மொத்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்கி நிற்க வேண்டும் என்பது மண்பாதை ஓட்டிகளின் பொது விதி. அப்படி அமுங்கி நின்றால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட முடியும். சாதாரண எக்ஸ்பல்ஸின் ஃபோர்க்கில் அந்த அமுங்கல் போக, மேடு வந்தால் உள்ளே போக 125 மி.மீ.க்குச் சற்று மேல் மிச்சமிருக்கும். புரோவில் 165 மி.மீ. அளவுக்கு மிஞ்சும். வித்தியாசம் 4 சென்டிமீட்டர். முதல் கியரில் ஒரு தேங்காய் அளவுக் கல்லின்மேல் ஏறும்போது டயர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, வண்டியும் கொஞ்சம் உயர்கிறது, மீதியைத்தான் ஃபோர்க் வாங்குகிறது. 125 மி.மீ. தீர்ந்துபோகும் தருணம் அந்த வேகத்தில் அபூர்வம். தீர்ந்துபோகிறதென்றால் பெரும்பாலும் வேகமோ சுமையோ தவறு. வண்டியின் நீளம் அல்ல.

பயன் இல்லாவிட்டால் பரவாயில்லை, கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. அதன் பெயர் சீட் உயரம். சாதாரண 4வி-யின் சீட் தரையிலிருந்து 825 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, புரோவில் 891 மி.மீ. ஷோரூமின் சமதளத்தில் இந்த 66 மி.மீ. ஒரு பொருட்டாகத் தெரியாது. நுனிக்காலில் நின்று சமாளித்து, பழகிவிடும் என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். சரிவில் கணக்கே வேறு. மலைப்பாதை என்பது ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்த பாதை. வண்டி குறுக்குச் சரிவில் நிற்கும்போது சக்கரத்திலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளிக் கீழ்ப்பக்கக் காலை ஊன்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவு 20 பாகை என்றால் அந்த இடத்தில் தரை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். அதாவது சாதாரண எக்ஸ்பல்ஸே அந்தக் காலுக்கு 95 சென்டிமீட்டர் உயர வண்டியாகிவிடுகிறது. புரோ ஒரு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்குக் காலின் உள்நீளம் 75, 76 சென்டிமீட்டர்தான் இருக்கும். சீட்டை விட்டு இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து இறக்கினால் சாதாரண வண்டியில் அந்தக் கால் எப்படியோ தரையைக் கண்டுபிடித்துவிடும். புரோவில் அது காற்றைத்தான் மிதிக்கும். 158 கிலோவுக்குக் குறையாத ஒரு வண்டி சாயத் தொடங்கிய பிறகு அதைப் பிடித்து நிறுத்த மனிதக் கைக்கு வலு கிடையாது. அது விழும் பக்கம் எப்போதும் பள்ளத்தின் பக்கம்.

நீண்ட டிராவல் உள்ள வண்டி உட்கார்ந்ததும் அதிகமாக அமுங்குமே, அந்த 66 மி.மீ. குறைந்துவிடாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். குறையும். மூன்றில் ஒரு பங்குக் கணக்குப்படி பின்னால் 16 மி.மீ., முன்னால் 20 மி.மீ. கூடுதலாக அமுங்கும். சராசரியாக 2 சென்டிமீட்டர் திரும்பக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 5 சென்டிமீட்டருக்கு அருகில் மிச்சம் நிற்கிறது. அடுத்த பதில், கால் ஊன்றுவதே கற்றுக்குட்டித்தனம், ஃபுட்பெக்கில் எழுந்து நின்று ஓட்ட வேண்டும் என்பது. நின்று ஓட்டுவது சரியான முறைதான், அதில் மறுப்பில்லை. ஆனால் கொண்டை ஊசி போலத் திரும்பும் தோட்டப் பாதையில் எதிரே ஜீப் வந்தால் நிறுத்தத்தான் வேண்டும். ஏற்றத்தில் வண்டி அணைந்தால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு காலையாவது ஊன்றித்தான் மறுபடி கிளப்ப வேண்டும். திறமை உயரத்தைக் குறைப்பதில்லை. உயரம் இடைஞ்சலாகும் தருணங்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கிறது. சீட் நுரையை அறுத்துக் குறைக்கலாம் என்பது மூன்றாவது யோசனை. நுரையை அறுத்தால் போவது சொகுசு. அதற்காகத்தானே நீண்ட சஸ்பென்ஷனைத் தேடினோம்? லிங்க்கேஜை மாற்றிப் பின்புறத்தைத் தாழ்த்தினால் ஸ்டியரிங் கோணம் மாறி, முன்சக்கரம் ஏற்றத்தில் இன்னும் இலேசாகிவிடும்.

எதிர்வாதங்களில் உண்மையிலேயே கனமானது ஒன்றுதான்: கிரவுண்ட் கிளியரன்ஸ். சாதாரண மாடலில் 220 மி.மீ., புரோவில் 270. தோட்டப் பாதைகளில் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடக் குறுக்கே வெட்டிய வாய்க்கால்கள் இருக்கும். அவற்றின் விளிம்பில் என்ஜினின் அடிப்புறம் உரசும் சத்தத்தை ஐந்து சென்டிமீட்டர் கூடுதல் உயரம் நிறுத்திவிடுகிறது. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனாலும் இதற்கு இரண்டு விடைகள் உண்டு. அடித்தகடு என்பது உரசுவதற்காகவே இருக்கிறது. உரசினால் வண்டி கெட்டது என்று பொருளில்லை. இரண்டாவது, வாய்க்காலைச் செங்குத்தாகக் கடக்காமல் சற்றுக் கோணலாகக் கடந்தால் விளிம்பின் ஏற்ற இறக்கம் சாய்வாகி, உரசல் குறைகிறது. தோட்ட ஜீப் டிரைவர்கள் தலைமுறைகளாகச் செய்வது இதைத்தான். அவர்களின் ஜீப்பில் இருப்பது பட்டை ஸ்பிரிங். அதன் அசைவு புரோவைவிடக் குறைவு. அறுவடைக் காலத்தில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு அந்த ஜீப்புகள் தினமும் மலையேறி இறங்குகின்றன. மலையைக் கடப்பது கியரும் பாதைத் தேர்வும் டயர் பிடிப்பும்தான் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

இனி புரோவின் பக்கம் நின்று பேச வேண்டிய இடம். அதன் ஃபோர்க்கிலும் பின் ஷாக்கிலும் உள்ள சரிசெய்யும் திருகுகள் எதிர்பாராத சந்தோஷம். இந்த விலையில் இந்திய பைக் எதிலும் இது சாதாரணம் அல்ல. சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் ஒரு பாதிதான். அமுங்கிய ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்குத் துள்ளாமல் இருக்க, சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி வேகத்தை மட்டுப்படுத்தும் அமைப்புதான் மறுபாதி. உள்ளே அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கம்ப்ரெஷன். திரும்பி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்ட். கற்கள் அடுத்தடுத்து வரும் இறக்கத்தில் ரீபவுண்ட் மிக மெதுவாக இருந்தால், ஒரு கல்லில் அமுங்கிய ஃபோர்க் முழுதாக நீளுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். நாலைந்து கல் தாண்டியதும் ஃபோர்க் பாதிக்கு மேல் அமுங்கியே கிடக்கும். கையில் உறைப்பது கல்லைவிட அந்த இறுக்கம்தான். ரீபவுண்ட் மிக வேகமாக இருந்தால் முன்சக்கரம் பந்துபோல் எகிறிப் பிடிப்பை இழக்கும். புரோவில் ரீபவுண்டைச் சில கிளிக் தளர்த்தி, கம்ப்ரெஷனையும் தளர்த்தினால் போடிப் பக்கக் குரங்கணியின் உதிர்சரளையில் முன்சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது தெளிவாகத் தெரிகிறது. இதைத்தான் பலரும் நீண்ட டிராவலின் சொகுசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது நீளத்தின் கொடை அல்ல, எண்ணெய் ஓட்டத்தின் கொடை. அதே திருகை 190 மி.மீ. ஃபோர்க்கில் வைத்திருந்தாலும் அந்தச் சுகம் கிடைத்திருக்கும்.

இங்கே எனக்கு நெடுநாள் எரிச்சல் தரும் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சாதாரண எக்ஸ்பல்ஸின் பின் ஷாக்கில் பத்து நிலை பிரீலோடு இருக்கிறது. அதை எல்லோரும் ஸ்பிரிங்கைக் கடினமாக்கும் திருகு என்றே நம்புகிறார்கள். வண்டி ஆடுகிறதா, டைட் பண்ணு; அடி இடிக்கிறதா, இன்னும் டைட் பண்ணு. பிரீலோடு ஸ்பிரிங்கின் கடினத்தை இம்மியும் மாற்றுவதில்லை. ஒரு ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டுமோ அத்தனை கிலோதான், எத்தனை முறை திருகினாலும். திருகுவதால் மாறுவது வண்டி நிற்கும் உயரம். கடைசி நிலைவரை திருகிவிட்டுத் தனியாக ஓட்டினால் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும், உட்கார்ந்ததும் அமுங்க வேண்டிய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். அப்புறம் பள்ளத்தில் பின்சக்கரம் கீழே நீள இடமில்லாமல் தரையை விட்டுவிடும், இறக்கத்தில் எடை முழுவதும் முன்னால் சாயும், ஃபோர்க் மூக்கைக் குத்தும். பிறகு பழி சஸ்பென்ஷன்மேல் விழும், நீண்ட சஸ்பென்ஷன் தரும் ராலி கிட் ஆசை பிறக்கும். சஸ்பென்ஷனை மாற்ற நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது ஒரு அளவுநாடாவை எடுப்பதுதான். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஷாக் முழுதாக நீண்ட நிலையில் பின்சக்கர அச்சிலிருந்து நேர் மேலே சீட்டின் ஓரம்வரை அளந்து, சக்கரத்தை இறக்கி, வழக்கமான உடையோடு ஏறி உட்கார்ந்து மீண்டும் அளக்க வேண்டும். பின்னால் வித்தியாசம் 5 முதல் 6 சென்டிமீட்டர் இருக்குமாறு பிரீலோடை வைத்தாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். செலவு எதுவுமில்லை.

மலையில் இந்த அளவு இன்னும் முக்கியம், ஏனென்றால் இங்கே பைக் என்பது பொழுதுபோக்குப் பொருள் மட்டுமல்ல. தோட்டத்துக்குப் போகும் வண்டியில் பின்னால் இன்னொருவர் இருப்பார், அல்லது உரமூட்டை, மருந்து அடிக்கும் ஸ்பிரேயர், பறித்த பச்சைக்காய் மூட்டை இருக்கும். பச்சை ஏலக்காயை உலர்த்தினால் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அதாவது காயை உலர்த்தும் ஸ்டோருக்குப் போகும் மூட்டை, ஏலத்துக்குப் போகும் மூட்டையைவிடப் பலமடங்கு கனம். அந்தக் கனம் பின் அச்சுக்கும் பின்னால் உட்காரும்போது ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் சொல்பேச்சு கேட்காது. உயர்ந்த வண்டியில் அதே மூட்டை இன்னும் ஐந்து சென்டிமீட்டர் மேலே உட்காருகிறது. எடை மையம் உயர உயரச் சரிவில் வண்டி கவிழத் தேவையான சாய்வு குறைகிறது. போட்டி ஓட்டிக்கு இந்தக் கவலை கிடையாது. அவர் தனி ஆள், சுமை கிடையாது, ஸ்பிரிங் அவருடைய எடைக்கென்றே தேர்ந்தது. புரோவின் ராலிப் பரம்பரை அவருக்கானது. ஒரு நாள் ஒருவர், மறுநாள் இருவர், அடுத்த நாள் மூட்டை என்று ஓடும் வண்டிக்குத் தேவை எளிதில் எட்டக்கூடிய பிரீலோடும், ஏற்றிய பிறகும் கால் தரைக்கு வரும் சீட்டும்தான்.

அப்படியானால் சாதாரண எக்ஸ்பல்ஸில் எதை மாற்றுவது? வரிசை முக்கியம். முதலில் டயர். வண்டியோடு வருவது தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் நிற்கும் டயர். கேரளப் பக்கத்து ஈரமண்ணில் அது சீக்கிரம் வழுக்குப் பலகையாகிவிடுகிறது. ஆழமான கட்டை வைத்த டயர் மாற்றினால் வரும் முன்னேற்றம் எந்த ஷாக் மாற்றத்திலும் வராது. இரண்டாவது காற்று. பெட்ரோல் பங்க்கில் எல்லா பைக்குக்கும் ஒரே அளவாகக் கல்போல அடித்துவிடும் வழக்கம், டயரின் சொந்த சஸ்பென்ஷனைக் கொன்றுவிடுகிறது. மண்பாதைக்கு முன் சில பி.எஸ்.ஐ. குறைத்தால் சிறு கற்களின் நடுக்கம் பாதியாகும். டியூப் உள்ள ஸ்போக் சக்கரம் என்பதால் அளவுக்கு மீறிக் குறைத்தால் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது ஃபோர்க் எண்ணெய். பெரும்பாலானோர் என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுவார்கள், ஃபோர்க்கில் எண்ணெய் இருப்பதே சீல் ஒழுகும்போதுதான் நினைவுக்கு வரும். அந்த எண்ணெய் பழசாகி நீர்த்துப்போனால் ஃபோர்க் மூக்குக் குத்தும். புதிய எண்ணெயின் தடிமனைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ, அதன் மட்டத்தைச் சில மில்லிமீட்டர் உயர்த்தியோ, கனமான ஓட்டிக்கும் மெலிந்த ஓட்டிக்கும் வேறுவேறு குணத்தை வரவழைக்க முடியும். நான்காவதாகத்தான் ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங். இந்த நான்கையும் செய்த பிறகும் ஃபோர்க் அடிக்கடி அடிவரை அமுங்குகிறதென்றால், அப்போது நீண்ட டிராவலைப் பற்றிப் பேசலாம்.

சட்டமும் இதில் ஒரு தரப்பு. 2020-இல் ஹீரோ ராலி கிட்டை 38,000 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியபோது அது போட்டிக்கான சாமானாகத்தான் வந்தது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கித் தீர்ப்பளித்திருந்தது. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே மாற்றிய வண்டிகளைப் பிடிப்பதில் கெடுபிடி அதிகம். ஆகவே சாலையில் பதிவான வண்டிக்கு நீண்ட சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் ஆலையிலேயே பொருத்தி வரும் புரோவை வாங்குவதுதான் ஒழுங்கான வழி. 2023-இல் அது வந்தபோது இரண்டுக்கும் விலை வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது ஏன் விடுவது என்ற கேள்விக்கு என் பதில், பணம் இங்கே பிரச்சினையே இல்லை என்பதுதான். இலவசமாகக் கொடுத்தாலும் 66 மி.மீ. உயரம் 66 மி.மீ. உயரமே. இன்னொன்று: வனத்துறை நிலம் ஓட்டிப் பழகும் தளம் அல்ல. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் பல உயிர்கள் போன பிறகு, காட்டுக்குள் போவதற்கான விதிகள் தமிழ்நாட்டில் இறுகியிருக்கின்றன. அது நியாயமும்கூட. இங்கே பேசுவதெல்லாம் உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டும் தோட்டப் பாதைகளைப் பற்றித்தான்.

காட்டுக்கு வேறு, திறந்த தளத்துக்கு வேறு என்ற இந்த வாதம் போடியில் மட்டும் எடுபடும் உள்ளூர்ச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் மரங்களுக்கு நடுவே நான்கு சக்கர ஸ்போர்ட் குவாடுகளில் ஓடும் ஜிஎன்சிசி பந்தயத்தில் இதே பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். மோட்டோகிராஸ் தளத்துக்கென அகலமாகவும் இறுக்கமாகவும் அமைந்த குவாடைக் காட்டுக்குள் கொண்டுபோனால் மரங்களுக்கு நடுவே நுழையாது, வேரிலும் கல்லிலும் ஓட்டுபவரின் கையை உடைக்கும். அங்கே சஸ்பென்ஷன் மாற்றம் என்றாலே பெரும்பாலும் அகலத்தைக் குறைப்பது, ஸ்பிரிங்கையும் கம்ப்ரெஷனையும் மென்மையாக்குவது என்றுதான் பொருள். யமஹா 2010-இல் ஒய்எஃப்இசட்450எக்ஸ் என்ற தனி மாடலையே காட்டுப் பந்தயத்துக்கென்று 46 அங்குல அகலத்தில் கொண்டுவந்தது. அதன் மோட்டோகிராஸ் சகோதரன் ஒய்எஃப்இசட்450ஆர் அதைவிட அகலம். பெரியதைக் கொடுத்துவிட்டுப் பழகிக்கொள் என்று சொல்லாமல், நிலத்துக்கேற்ற அளவைத் தனியே கொடுத்தார்கள். அதைவிட நெருக்கமான சாட்சியை ஹீரோவே தந்திருக்கிறது. 2025-இல் விற்பனைக்கு வந்த எக்ஸ்பல்ஸ் 210-இல் முன்னால் 210 மி.மீ., பின்னால் 205 மி.மீ. டிராவல், சீட் உயரம் 830 மி.மீ. என்ஜின் பெரிதானது, டிராவல் அளவாகக் கூடியது, சீட் உயரம் ஏறத்தாழ பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ராலிப் பந்தயத்தில் இவ்வளவு ஈடுபாடு காட்டும் நிறுவனம், தன் அடுத்த வண்டியை எல்லோருக்குமாக வடிவமைக்கும்போது 891-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. என் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதரவு எனக்குத் தேவையில்லை.

2011-இல் இம்பல்ஸ் என்ற 150 சிசி வண்டியை, சந்தை தயாராகாத காலத்திலேயே துணிந்து இறக்கியதும் இதே நிறுவனம்தான். ஏழை ஓட்டிக்கும் மண்பாதை பைக் வேண்டும் என்று இந்த நாட்டில் விடாப்பிடியாக நம்பிய பெரிய நிறுவனம் வேறொன்றைச் சொல்வது கடினம். அந்த மரியாதையோடுதான் இந்தக் குறையைச் சொல்கிறேன். இப்போதைக்குத் தீர்ப்பு இது. உயரம் 178 சென்டிமீட்டருக்கு மேல், எப்போதும் தனி ஆள், மண்ணில் வேகமாக ஓட்டிப் போட்டிக்குப் போகும் எண்ணம் என்றால் புரோவைத் தயங்காமல் வாங்கலாம். அந்தப் பணத்துக்கு இந்தியாவில் இணை கிடையாது. மற்றவர்கள் சாதாரண 4வி-யே போதும் என்று இருந்து, அமுங்கலை அளந்து, டயரையும் ஃபோர்க் எண்ணெயையும் மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குபவர்களும் கூடுதல் விலை கொடுக்க முடிந்தவர்களும் 210-ஐப் பாருங்கள். ஹீரோவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: புரோவின் சரிசெய்யும் திருகுகளை 190 மி.மீ. ஃபோர்க்கிலும் 170 மி.மீ. ஷாக்கிலும் வைத்து, 825 மி.மீ. சீட்டோடு ஒரு மாடல் விற்றுப் பாருங்கள். மலையோரத்து ஊர்களில் அதற்கு வாடிக்கையாளர் பஞ்சம் வராது.